சிலுவைப் படக்காரரின் பிறந்தநாள்

பெரம்பலூர்க்காரரின் உடல் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய லேப்டாப் எங்கள் அறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பர் துபாயில் மூன்று பேர் தங்கிய அறை. அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். நான் ஏசி கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவன். மூன்றாமவர் தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் வேலை. இங்கே அறைகளில் ஊர்தான் பெயர். ஒரு காலையில் பெரம்பலூர்க்காரரின் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. திட்டிக்கொண்டே எழுந்துபோய்ப் பார்த்தவன் நான்தான். வாய் திறந்திருந்தது, கண்ணும் பாதி திறந்திருந்தது. ஒரு கை விரிப்பைப் பிடித்து இழுத்திருந்தது. அது நல்ல முகம் இல்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டோம். லேப்டாப் மட்டும் அலமாரிமேல் சார்ஜிலேயே கிடந்தது. நாங்கள் தட்டைப் போட்டு உட்காரும்போது பார்த்து டிங் என்று ஒரு சத்தம் வரும். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"யாரோ அவரத் தேடுதாங்க வே," என்பார் தூத்துக்குடிக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

யார் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லத்தான் முடியாது. தூத்துக்குடிக்காரர் கட்டிலுக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை மாட்டியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். ஆயுசு முழுக்க ஒரே விஷயத்தை வரைந்தவர்: சிலுவையில் தொங்கும் மனிதர்கள். சாமி படம் இல்லை. வளர்ந்த ஆண்களும் பெண்களும், மணல்வெளி, ஈட்டி பிடித்த வீரர்கள், கயிறு, வியர்வை, அரைகுறைத் துணி. பார்க்கிறவனுக்கு உடம்பு சூடாக வேண்டும் என்றே வரைந்த கற்பனை. இதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. பெரம்பலூர்க்காரர் அதில் ஒருவர். வெறும் ரசிகர்கூட இல்லை. கிழவருக்குக் கம்ப்யூட்டர் வராது. அதனால் வருஷா வருஷம் அவர் பிறந்தநாளுக்கு எல்லா ரசிகர்களையும் கூட்டி இணையத்தில் விழா எடுத்தவர் எங்கள் அறைக்காரர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்காரர் சர்ச்சுக்குப் போயிருந்தபோது பெரம்பலூர்க்காரரே அந்தப் படங்களின் ஃபோல்டரை எனக்குக் காட்டினார். தூத்துக்குடிக்காரர் அறையில் இருக்கும்போது அதைத் திறப்பதே இல்லை. அந்த மரியாதை இருந்தது. எனக்குக் குமட்டியது. எகிறினேன்.

"உமக்கு வேற படமே கெடைக்கலயா வே? மாட்டினா இங்க ஜெயிலு. பெறகு பிளேன் ஏத்தி விட்ருவான். பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுவீரு?"

அவர் கோபிக்கவில்லை. "மொகத்தப் பாருப்பா," என்றார். "வலியா தெரியுது? எல்லாத்தையும் விட்டுட்ட மொகம். டெட்லைன் இல்ல, ரிவிஷன் இல்ல, எவனும் ஜல்தி ஜல்தின்னு கத்தல. இனிமே இவன் ஒண்ணுமே செய்ய வேணாம்." ஃபோல்டரை மூடிவிட்டு, "ஆசையுந்தான். பொய் சொல்ல மாட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பேசியதில்லை. அவர் சமைத்த கருவாட்டுக் குழம்பை நான் வழித்துச் சாப்பிட்டதும் குறையவில்லை. மனிதன் தங்கமானவர். இந்த ஒன்றை மட்டும் என்னால் எங்கேயும் பொருத்தி வைக்க முடியவில்லை.

இனி பெட்டி விஷயம். வளைகுடாவில் ஒருவன் போய்விட்டால் அவன் சாமானை அறைக்காரர்கள்தான் கட்டி அனுப்ப வேண்டும். இரண்டு பேராகத்தான் கட்டுவோம், பிறகு பேச்சு வந்துவிடக் கூடாது. அதில் எழுதாத ஒரு முறை உண்டு. வீட்டுக்குப் போகக் கூடாதது எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. பாட்டில், சீட்டுக்கட்டு, எவளுடைய போட்டோவாவது. அதைப் 'பெட்டி சுத்தம்' என்போம். செத்தவனுக்கு நாங்கள் செய்கிற கடைசிக் காரியம் அது. நல்ல மனதோடுதான் செய்கிறோம்.

துணிகளை மடித்து முடித்ததும் தூத்துக்குடிக்காரர், "லேப்டாப்பையும் ஒரு பார்வ பாத்துரும் வே. ஆம்பள லேப்டாப்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே பெரம்பலூர்க்காரரின் மனைவியும் போன் செய்தாள். "அண்ணே, கம்ப்யூட்டர்ல இருக்கறது எதையும் அழிச்சிடாதீங்கண்ணே. எல்லாம் அப்படியே வரட்டும்."

குடும்ப போட்டோக்களையும் அவர் குரல் பதிவுகளையும் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "சரிம்மா, பத்திரமா அனுப்புதேன்," என்றேன். சொல்லும்போதே அந்த ஃபோல்டர்தான் கண்முன் நின்றது. பெற்றவர்கள், மச்சான்மார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க அவள் அதைத் திறந்தால் அந்த மனிதர் இரண்டாவது தடவை சாவார். அதை நடக்க விடக் கூடாது. எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூத்துக்குடிக்காரர் டூட்டியில் இருந்தார். அழித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். திரை முழுக்க அந்த ரசிகர் கூட்டத்தின் செய்திகள். இன்றைக்குத்தான் பிறந்தநாள், கிழவர் வந்து உட்கார்ந்துவிட்டார், நீ எங்கே, நீ இல்லாமல் எப்படித் தொடங்குவது. மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் செத்த செய்தியைச் சொல்லாமல் விடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. விபிஎன் போட்டு, கேமராவை அணைத்துவிட்டு, உள்ளே நுழைந்தேன்.

ஒரே கைதட்டல். வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று ஆங்கிலத்தில் ஆரவாரம். நான் எதிர்பார்த்தது வேறு மாதிரி மனிதர்களை. அங்கே இருந்ததோ சமையலறையில் உட்கார்ந்த ஒரு கிழவி, மடியில் பூனையோடு ஒரு தாடிக்காரர், காதில் மிஷின் வைத்த ஒருவர், முடி நரைத்த ஒரு கணவனும் மனைவியும். நடுவில் கம்பளிச் சட்டை போட்ட கிழவர், முன்னால் கேக். வாழ்த்துப் பாடினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விழாவின் முக்கியச் சடங்கு தொடங்கிவிட்டது.

அந்தச் சடங்கு இதுதான்: பிறந்தநாள் அன்று ஒவ்வொரு ரசிகனும் தன்னையே சிலுவையில் வரைந்து கிழவருக்குக் காட்ட வேண்டும். வேறு யாரையும் அதில் ஏற்றக் கூடாது. ஆண்டு முழுக்க மற்றவர்களைத் தொங்கவிட்டுப் பார்த்தவன் அன்று ஒருநாள் தானே ஏற வேண்டும். கிழவி தன் சுருக்கம் விழுந்த உடம்போடு தன்னை வரைந்திருந்தாள். கிழவர் உற்றுப் பார்த்து, தோள் நன்றாக வந்திருக்கிறது என்றார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல வெட்கப்பட்டாள்.

பிறகு எல்லாரும், "உன்னுடையது?" என்றார்கள்.

ஃபோல்டரில் தேடினேன். இருந்தது, போவதற்கு முந்தின நாள் முடித்தது. திறந்தேன். எங்கள் பெரம்பலூர்க்காரர் கைகளை விரித்துத் தொங்குகிறார். கண் மூடியிருக்கிறது, வாய் லேசாகச் சிரிக்கிறது. காலில் சைட் பூட்ஸின் வெள்ளைத் தடம்கூட விட்டிருக்கிறார், வெயில் படாத தோல் அப்படித்தான் இருக்கும். கீழே ஒரு பெண், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சுத்தியலோடு அண்ணாந்து பார்க்கிறாள். அவர் மனைவி. அவர் கட்டிலருகே ஒட்டியிருந்த போட்டோவில் தினமும் பார்த்த முகம்.

காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் சொன்னேன், இவர் இப்போது உயிரோடு இல்லை, நான் அறைத்தோழன் என்று.

கிழவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெயர் என்ன என்று கேட்டாள். இத்தனை வருஷமாக ஏதோ புனைபெயரில்தான் தெரியுமாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பெயர்கூடத் தெரியாதவர்கள் என்ன உரிமையில் அழுகிறார்கள்? நானே இன்னும் அழவில்லை. கிழவர் கண்ணாடியைக் கழற்றித் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "பாதத்தைச் சரியாக வரைந்திருக்கிறான். பாதத்தை எல்லாரும் தவறாகத்தான் வரைவார்கள். இந்தப் படத்தை எனக்கு அனுப்புவீர்களா?" என்றார். விட்டால் போதும் என்று அனுப்பிவிட்டு வெளியே வந்தேன்.

குடும்பப் படங்களையும் குரல் பதிவுகளையும் தனியே எடுத்து வைத்தேன். மற்றதை எல்லாம் அழித்தேன், குப்பைக் கூடையையும் காலி செய்தேன். தூத்துக்குடிக்காரர் வந்ததும், "கலாஸ் வே, முடிஞ்சிட்டு. பெட்டி சுத்தம்," என்றேன். லேப்டாப் கார்கோவில் போனது.

அறை அமைதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பால்கனியில் காய்கிற சட்டை கையை விரித்து நின்றால் உள்ளே போய்விடுவேன். தூத்துக்குடிக்காரர் ஜெபம் செய்யும்போது சிலுவை மாட்டிய அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் இரண்டு முகம் வந்தது: விரிப்பை இழுத்துக்கொண்டு கிடந்தது ஒன்று, மேலே ஏறிச் சிரித்தது ஒன்று. எது அவர் என்று எனக்கே குழம்பியது. பயந்தேன். இந்த வயதில் இருட்டுக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்ல?

லேப்டாப் கிடைத்ததும் அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, எல்லாம் வந்துச்சு. அவரு வரஞ்ச படம் ஒண்ணு இருக்கணுமே. அதக் காணோம்."

"சைட் டிராயிங்கெல்லாம் கம்பெனி எடுத்துக்கிட்டானேம்மா."

"அது இல்லண்ணே." குரலைத் தாழ்த்தினாள். "சிலுவப் படம்."

எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"எனக்குத் தெரியும்ணே. லீவுல வந்தப்பக் காட்டினாரு. மொதல்ல கண்டபடி ஏசினேன். பெறவு... அது எங்களுக்குள்ள. இந்தத் தடவ நீயும் படத்துல இருக்கணும்னு சுத்தியலக் கையில குடுத்து போட்டோ எடுத்தாரு. மாடியில, யாரும் இல்லாதப்ப. சிரிப்ப அடக்க முடியல. ஒரே இதுவாப் போச்சு. அழிச்சிட்டீங்களாண்ணே?"

"ஆமாம்மா," என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க," என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கிழவரிடம் படம் இருந்தது. எந்தக் கூட்டத்திலிருந்து தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடி வந்தேனோ, அங்கேயே திரும்பிப் போய்க் கேட்டேன். என் சொந்த போனில், சொந்தப் பெயரில். அந்தக் கிழவிதான் முதலில் பதில் போட்டாள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் படம் வந்துவிட்டது. கிழவர் ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லையாம், மறக்காமல் சொல்லச் சொன்னாராம்.

அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பிறகு அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு வந்த பெட்டியத் தொறக்க உடலண்ணே. ரொம்ப நாளாயிடுச்சு, பொம்பளைங்க பாக்க வேணாம்னு மூடுன பெட்டியோடயே கொண்டு போயிட்டாங்க. அவரு கண்ணு மூடி நான் பாக்கவே இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்கதானே மொதல்ல பாத்தீங்க? போவும்போது மொகம் இப்படித்தான் இருந்துச்சா?"

எதிரே அந்தக் கட்டில் இருந்தது. புதிதாக வந்த ஆள் அதில் மெத்தையை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, இப்படியேதான்," என்றேன்.

"சிரிச்ச மாதிரி?"

"சிரிச்ச மாதிரிதான்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.