எல்லோருக்கும் தமிழ் தெரிந்த மீட்டிங்

போன மாதம் எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர் வேலை. சம்பளம் கிடையாது, காபி உண்டு. காபி வந்ததும் வேலை போய்விட்டது என்பது வேறு விஷயம்.

அடையாறில் நான் படித்த காலேஜிலிருந்து அனிதா என்ற மாணவி போன் செய்தாள். பொருளாதாரம், கடைசி வருடம்.

“மேம், நம்ம காலேஜ் டிரஸ்ட் ஒரு நிலக்கரி கம்பெனியோட ஷேர் வச்சிருக்கு. அதை வித்துடுங்க, இந்த மாதிரி கம்பெனில பணம் போடாதீங்கன்னு ஸ்டூடண்ட்ஸ் நாங்க ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கோம். இப்பதான் மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

“நல்ல விஷயம்தானே?”

“வடசென்னையில இருந்து ரெண்டு அக்கா வர்றாங்க. ஆனா மீட்டிங் இங்கிலீஷ்லதான் நடக்குமாம். வேணும்னா டிரான்ஸ்லேட்டரைக் கூட்டிட்டு வாங்கன்னு மெயில் போட்டிருக்காங்க. நீங்க வரணும்.”

“ஏம்மா, டிரஸ்ட்ல யாருக்கும் தமிழ் தெரியாதா?”

“எல்லாருக்கும் தெரியும் மேம். செக்ரட்டரி சார் வீடே மயிலாப்பூர் குளத்துக்கிட்டதான்.”

சொல்லுங்கள், இப்படி ஒரு வாய்ப்பை யாராவது விடுவார்களா?

வந்த இரண்டு பேரில் ஒருவர் லூர்து மேரி, இன்னொருவர் அவருடைய நாத்தனார். வடசென்னையில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவக் குப்பம் அவர்கள் ஊர். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அந்தச் சேற்றில்தான் இப்போது நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்திருக்கிறது. அனிதாவும் அவள் நண்பர்களும் ஏதோ ஒரு பிராஜெக்டுக்காகப் போய், அங்கே சாப்பிட்டு, சிநேகமாகி... பிராஜெக்ட் முடிந்த பிறகும் போவதை நிறுத்தவில்லை.

மீட்டிங் அறையில் நல்ல ஏசி. செக்ரட்டரி ஸ்ரீதரன் பேங்க்கில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். மரியாதையான மனிதர். பெண்கள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் டிரஸ்ட் உறுப்பினர்கள், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியபடி.

லூர்து மேரி ஆரம்பித்தார். “ஆத்துல எறங்கினா முழங்கா வரிக்கும் சாம்பல் கீது சார். அதுலயே கைய வுட்டு இறா தேடிக்கினுகீறோம். கையெல்லாம் வெடிச்சிப் போச்சு. இறாவும் முன்ன மாதிரி இல்ல.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஸ்ரீதரன் கையை உயர்த்தினார். “புரியறது, புரியறது.”

அப்பாடா, பாதி வேலை மிச்சம்!

பிறகு அவர் பதில் சொன்னார், ஆங்கிலத்தில். ஆஹா, என்ன ஆங்கிலம்! மேண்டேட், கன்ஸ்ட்ரெயிண்ட்ஸ், லாங் டெர்ம், ஸ்டேக்ஹோல்டர்... ஒவ்வொரு வாக்கியமும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் வந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். லூர்து மேரியும் என்னைப் பார்த்தார்.

“இன்னா சொல்றாரு?”

யோசித்துப் பார்த்தேன். அத்தனையையும் தமிழில் எப்படிச் சொல்வது? எப்படிப் பிழிந்தாலும் ஒரே வார்த்தைதான் தேறியது.

“முடியாதுன்னு சொல்றார்.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே!” ஸ்ரீதரன் பதறிப்போனார். தமிழில்!

“அப்ப என்ன சார் சொன்னீங்க? சொல்லுங்க, திருத்திச் சொல்லிடறேன்.”

மறுபடி ஆங்கிலத்தில் விளக்கினார். இந்த முறை இன்னும் நீளமாக.

“இப்பவும் முடியாதுன்னுதான் சொல்றார்” என்றேன். அனிதா பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

நம் ஊரில் ‘சரி’ தமிழில் வரும், ‘முடியாது’ ஆங்கிலத்தில்தான் வரும் — கவனித்திருக்கிறீர்களா? பேங்க் லோன், ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ், அபார்ட்மெண்ட் அசோசியேஷன்... எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘முடியாது’ என்றால் எதிரில் இருப்பவர் ‘ஏன்?’ என்று கேட்டுவிடுவாரே!

ஸ்ரீதரன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இங்க பாருங்கோம்மா. அந்த ஷேர்ல வர்ற பணத்துலதான் வசதியில்லாத பசங்களுக்கு ஃபீஸ் கட்டிண்டிருக்கோம். அதை வித்துட்டு, நாளைக்கு ஒரு குழந்தைக்குப் படிப்பு நின்னு போச்சுன்னா? எனக்கு பயமா இருக்கு. அவ்வளவுதான் விஷயம்.”

வில்லனோடு சண்டை போடத் தயாராகி வந்திருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்தவரோ பயந்துபோன ஒரு மனிதர். என்ன செய்வது?

அனிதாதான் பேசினாள். “எனக்கும் அந்தப் பணத்துலதான் சார் ஃபீஸ் கட்டறீங்க.”

“அப்படியா? எனக்குத் தெரியாதேம்மா...”

“எனக்கே போன வருஷம்தான் தெரியும். அக்கா வீட்டுல சாப்பிட்டிருக்கேன் சார். அவங்க கையைப் பாத்திருக்கேன். இப்ப ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் ரசீதைப் பாத்தா...” துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லூர்து மேரி அவள் முதுகில் தட்டினார். “ஏ கண்ணு, அழுவாத. நீ படிக்கக்கூடாதுன்னா நான் பஸ் மாறி மாறி வந்தேன்? நல்லாப் படி.”

இதுவரை தலையாட்டிக்கொண்டு மட்டுமே இருந்த டிரஸ்ட் உறுப்பினர் ஒருவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட அம்மாள், மெதுவாகக் கேட்டார். “ஸ்ரீதர், அதே பணத்தை வேற எதுலயாவது போட்டா இந்தப் பசங்க ஃபீஸுக்கு வராதா? நாம அதைப் பாக்கவே இல்லையே?”

ஸ்ரீதரன் அவரைப் பார்த்தார். “வரும்... கொஞ்சம் குறையலாம். பாக்கலாம்.”

அந்த ‘பாக்கலாம்’ தமிழில் வந்தது. காபியும் வந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆளுக்கு ஆள் நேரடியாகத் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்!

கிளம்பும்போது லூர்து மேரி, “ஒருவாட்டி வந்து பாருங்க சார்” என்றார். வருகிறேன் என்றார் ஸ்ரீதரன். இப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் மனிதர் வந்தார்! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டிலோடு. அனிதாவும் நானும் கூடப் போனோம்.

“அங்க கால் வைக்காதீங்க சார்” என்று லூர்து மேரி சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். முழங்கால் வரை உள்ளே! லூர்து மேரியும் நாத்தனாரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது. செருப்பு வரவில்லை.

எல்லோரும் சிரித்தோம். அவரும்தான். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். சிமெண்ட் பூசிய மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“இதுலயா கையை விட்டுத் தேடறேள்?”

“இதுலதான் சார். முன்ன நல்ல சேறு. இப்ப இதுதான்.”

நாத்தனார் வீட்டுக்குள் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கொண்டு வந்து கொடுத்தார். பளீரென்ற ரோஸ் கலர். அதைப் போட்டுக்கொண்டுதான் செக்ரட்டரி மயிலாப்பூர் திரும்பினார். காரில் அனிதாவிடம், “மேல என்ன படிக்கப் போறே?” என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் டிரஸ்ட் முடிவு சொல்லிவிட்டது. அந்த ஷேரைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிடுவார்கள். இனிமேல் நிலக்கரியில் புதுப் பணம் கிடையாது. ஃபீஸ் உதவி நிற்காது. குறைகிற தொகையைப் பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்குவார்கள். ஸ்ரீதரனின் முதல் போன் யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான். முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் காலேஜுக்கு எதிரில் இருக்கும் ஜூஸ் கடையில் ஒரே கும்மாளம். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அனிதா லூர்து மேரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆனா அக்கா... இதனால ஆத்துல சாம்பல் ஒண்ணும் குறைஞ்சிடாது.”

“அது எங்களுக்குத் தெரியாதா கண்ணு? நாங்க சொன்னா யாரும் காதுல போட்டுக்கறது இல்ல. இப்ப ஒரு பெரிய எடத்துல, இது தப்புன்னு எங்க பக்கம் பேசிட்டாங்க இல்ல? இன்னிக்கு அது போதும்.”

பின்னால் நாத்தனார் ஏதோ சொல்வது கேட்டது. லூர்து மேரி சிரித்தார். “சரி, அடுத்த காலேஜ் எதுன்னு இவ கேக்கறா. எப்போ வரணும்?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அனிதா ஜூஸை ஓரமாக வைத்துவிட்டுப் போனில் மேப்பைத் திறந்தாள்.

அடையாறு, மயிலாப்பூர், தேனாம்பேட்டை... எங்கள் பக்கம் காலேஜுக்கா பஞ்சம்?