பூனைக்கு ஆகாத செடி

காலை ஏழேகாலுக்குப் போன் வந்தது. அக்காவின் பார்லருக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர்.

"தம்பி, உடனே கிளம்பி வாப்பா. அக்கா நாற்காலில உக்காந்தபடியே..." அதை முடிக்காமலே, "பூனை நல்லா இருக்கு" என்றார்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கவலை அது.

அக்காவின் கணவர் பார்சல் வேன் ஓட்டியவர். எனக்கு மாமா. சரக்கு இறக்கப் போன ஓர் அலுவலகத்தின் ஜன்னலோரத்திலிருந்து நகக்கண் அளவுச் செடி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தடித்த இலை. இலையோரமெல்லாம் வரிசையாகக் குட்டி போடும். குட்டி விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும், மண்கூட வேண்டாம். துவைத்த துண்டுகளுக்கு நடுவே, தலை கழுவும் தொட்டியின் இடுக்கில் என்று எங்கும் முளைத்தது. ஒரு டீச்சர் கொண்டைக்குள் ஒன்றைச் சுமந்துபோய், அவர் வீட்டிலும் அது வளர்ந்துவிட்டதாம்.

மாமா தவறிப்போன அடுத்த வருடம் ஒரு பூனை வந்தது. வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறிப் படுத்தது, இறங்குவதாக இல்லை. அக்கா அதை 'மேடம்' என்றாள். ஊசி போடக் கொண்டுபோனபோது, கூடையில் ஒட்டியிருந்த குட்டிச் செடியைக் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார்.

"இது பூனைக்கு விஷம்மா. தின்னா இதயம் நின்னுடும். ரெண்டுல ஒண்ணை வச்சுக்குங்க."

நானும் அதையே சொன்னேன். "செடியத் தூக்கிப் போடுக்கா."

"உங்க மாமா தானா நினைச்சு எனக்குக் கொண்டுவந்தது இது ஒண்ணுதான்டா."

"அப்ப மேடத்தை எங்கிட்ட கொடு."

"போடா. உன் மடி எலும்பும் தோலும். இவ தூங்குவாளா?"

இரண்டையும் வைத்துக்கொண்டாள். செடி கண்ணாடி அலமாரிக்குள் போனது. தினமும் கடை திறக்குமுன் மேடத்தைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்துவாள். கையுறை மாட்டிக்கொண்டு, செடித் தொட்டியை விளக்கடியில் வைத்து, புருவம் எடுக்கும் ப்ளக்கரால் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுப்பாள். எடுத்தவற்றைக் காலி க்ரீம் டப்பாவில் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். பிறகு தரையைத் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

தையல்காரர் வாசலில் நின்று வம்பிழுப்பார். "செடிக்கெல்லாம் புருவம் எடுக்கிறீங்க. எனக்கு மீசையாவது ஒதுக்கி விடக்கூடாதா?"

"செடி வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். உங்களால முடியுமா?"

பாதிப் புருவத்தோடு யாரையும் எழுப்பி அனுப்ப மாட்டாள் அக்கா. கரண்ட் போனாலும் செல்போன் வெளிச்சத்தில் முடித்துவிட்டுத்தான் விடுவாள்.

போன் வந்த அன்று பின்னறையிலிருந்து மேடம் விடாமல் கத்தியது. சுவருக்கு அப்பால் அதைக் கேட்டுத்தான் தையல்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். செடித் தொட்டி அக்காவின் முன்னால் இருந்தது, ப்ளக்கர் கையில். பின்னறைக் கதவைத் திறக்காமல், முதலில் செடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார் மனிதர். பிறகு தரையைத் துடைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன்.

மேடம் இப்போது என் வீட்டில். மடிக்கு வருவதில்லை, அக்காவின் கைப்பை மேல் படுக்கிறது. செடி பார்லரிலேயே இருக்கிறது, சாவி என்னிடம். நேற்றுப் போய்ப் பார்த்தேன். பெரிய இலையின் ஓர் ஓரம் சுத்தமாக இருக்கிறது. மறு ஓரத்தில் குட்டிகள் இன்னும் எடுக்கப்படவில்லை.