வெள்ளிக்கிழமையும் ஹலூமிக் கறியும்

மகள் எனக்கு மூன்று தடையுத்தரவுகள் போட்டிருந்தாள். கோப்பியைத் துருக்கிக் கோப்பி என்று சொல்லக்கூடாது. வரப்போகிறவர் ஊரில் விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கேட்கக்கூடாது. மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது: வேடிக்கைப் பேச்சுக் கூடாது.

"அப்பா, ப்ளீஸ், பகிடி விடாதேங்கோ. அவ ஒருக்கா வந்து எங்களோட சாப்பிட்டாப் போதும். பிறகு நீங்கள் என்னவும் செய்யுங்கோ."

வரவிருந்தவர் அவள் கட்ட விரும்பிய பையனின் தாய். சைப்பிரஸ்காரி, கணவரை இழந்தவர், ஒரே மகன். கிரேக்கம் தெரியாத மருமகளா என்று மாதக்கணக்கில் முகம் திருப்பியிருந்தவர், கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதாக ஒருவழியாக இறங்கியிருந்தார். பெண் வீட்டில் கை நனைத்தால் பாதிக் கல்யாணம் என்பது எங்கள் கணக்கு. "அம்மாவும் அப்படித்தான்," என்றான் பையன். "பிடிக்காத வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்."

அவருக்குத் தோதான நாள் வெள்ளிக்கிழமைதான். அன்று எங்கள் வீட்டில் மச்சம் படாது, மரக்கறி மட்டும்தான். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் வேலை செய்யும். செய்தால் வீட்டில் ஏதாவது உடையும். சைப்பிரஸின் பெருமையே ஹலூமிப் பாற்கட்டிதானே? கிரேக்கரும் துருக்கியரும் தீவைப் பிரித்துக்கொண்ட பிறகும் இருபக்கத்தாரும் 'அது எங்களுடையது' என்று சொல்லும் பண்டம். அதையே கறியாக வைத்தால்? நெய்ச்சோறு, ஹலூமிக் கறி, தயிர்ப் பச்சடி, பால் பாயாசம் என்று நானே அடுக்கினேன்.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றாள் மனைவி. ஆனாலும் சமைத்தாள்.

அவர் கறுப்புச் சட்டையோடு, நிமிர்ந்த முதுகோடு வந்தார். கையில் துணி சுற்றிய தட்டு. மேசையில் வைத்துத் துணியை விலக்கினார். சோறு அடைத்து வைனில் வேகவைத்த கணவாய் மீன். கறுவாப் பட்டை வாசம் சாமியறை வரைக்கும் போனது.

மனைவியின் முகம் வெளிறியது. "இண்டைக்கு வெள்ளி," என்றாள் என்னிடம், உதடு அசையாமல். மகள் அதை ஆங்கிலத்தில் மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

அவர் துணியைத் திரும்ப மூடினார். பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான். வாசம் மட்டும் போக மறுத்தது. வெள்ளிக்கிழமை என்று என் நாக்குக்கு யாரும் சொல்லவில்லை.

நிலைமையைச் சமாளிக்க நான் ஹலூமிக் கறியை அவர் தட்டில் அள்ளி வைத்தேன். "உங்கள் தீவிலிருந்தே வந்தது!"

அவர் கரண்டியைத் தொடவில்லை. "இது பெரிய நோன்பு," என்றார். "உயிர்ப்பு ஞாயிறு வரை இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை, பாற்கட்டி எதுவும் தொடமாட்டோம். இரத்தமில்லாத கணவாய் மட்டும் ஆகும். என் மகன் சொல்லவில்லையா?"

மேசையில் எல்லாம் பால். சோற்றில்கூட நெய். நோன்பு என்றால் மச்சம் இல்லை என்ற ஒரே சூத்திரத்தோடு அறுபது வயது வரை வந்துவிட்டேன்.

காரிலிருந்து திரும்பியிருந்த பையன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு மட்டும் விளங்கியது. இரண்டு நாளைக்கு முன்புதான் டூட்டிங் கடைத்தெருவில் என்னோடு நின்று ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டவன். நோன்பு அவன் நினைவில் இருந்தால்தானே சொல்லுவான்? நான் வாயை மூடிக்கொண்டேன். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தபடியே இருந்தாள்.

தட்டு மெல்ல நகர்ந்தது, அவரிடமிருந்து விலகி. மகளின் கண் அந்தத் தட்டோடேயே போனது.

"ஒருநாள் விட்டால் கடவுள் கோபிக்க மாட்டார்," என்றேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கலாம்.

அவர் நிமிர்ந்தார். "துருக்கிப் படை வந்து நாங்கள் எங்கள் ஊரைவிட்டு ஓடியதும் ஒரு நோன்பில்தான். மாதாவின் ஆவணித் திருநாளுக்கு முந்திய நோன்பு. நான் சின்னப் பிள்ளை. மரங்களுக்குக் கீழே படுத்திருந்தோம். லொறியில் பாணும் பாற்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா பாற்கட்டியை எங்களுக்குத் தந்தார், தான் வெறும் பாண் தின்றார். வீடு போய்விட்டது, ஆடுகள் போய்விட்டன, இந்த நோன்பையும் நானே விடுவதா என்று கேட்டார்."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

மனைவி எழும்பினாள். "தேங்காய் ஆகுமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "மரத்துத் தேங்காய். பசுவில்லை."

"ஆகும்."

"அப்ப வாங்கோ."

இருவரும் குசினிக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் மூன்று பேரும், ஆறிப்போய் ரப்பராகிக்கொண்டிருந்த ஹலூமியும் இந்தப் பக்கம். காற்றாடியின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை எதையோ மேசையில் ஓங்கி அடிக்கும் சத்தம். மகள் நகத்தைக் கடித்தாள்.

"சண்டையோ, அப்பா?"

"மாப் பிசையினம் போல," என்றேன், நம்பாமல்.

வெளியே வந்தபோது இருவர் கையிலும் மா. தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் செத்தல் மிளகாய்ச் சம்பலும். அவர் உட்கார்ந்தார். ஒரு துண்டு பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, அது மிளகாய். இருமினார். தண்ணீர் குடித்தார். அவர் இன்னொரு துண்டு பிய்த்தார்.

பிறகு என்னையோ பிள்ளைகளையோ பாராமல் மனைவியிடம் பேசினார். "உயிர்ப்பு ஞாயிறு கழியட்டும். நோன்புக்குள் எங்கள் பாதிரியார் கல்யாணம் செய்துவைக்க மாட்டார்."

"வெள்ளிக்கிழமை வேண்டாம்," என்றாள் மனைவி. "வாற சனம் மச்சம் கேட்கும்."

"செவ்வாயும் கூடாது. ஐந்நூறு வருடத்துக்கு முன் எங்கள் பெருநகரம் துருக்கியரிடம் விழுந்தது செவ்வாய்க்கிழமை."

மனைவி கையிலிருந்த மாவைத் தட்டினாள். "செவ்வாயில நாங்களும் ஒரு நல்ல காரியமும் செய்யமாட்டம்."

மகள் என் காலிலிருந்து தன் காலை எடுத்தாள்.