அப்பா பார்த்து எடுத்த பள்ளிக்கூடம்

எங்கள் குடும்பம் கோபனேகனுக்கு இடம்பெயர்ந்தபோது அப்பா வீடு பார்க்கவில்லை. பள்ளிக்கூடம்தான் பார்த்தார். பள்ளிக்கூடம் சரிவந்தால் அதற்குக் கிட்ட எந்தத் தொடர்மாடி கிடைத்தாலும் போதும் என்பது அவருடைய முடிவு.

அதற்குக் காரணம் நான். எனக்கு அப்போது பதினொரு வயது. அதுவரை நாங்கள் இருந்த சில்க்போர்க்கில் மூன்றாம் வகுப்புக்குப் போகவிருந்தேன். என் வயதுப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனார்கள். அப்பா டென்மார்க்குக்குத் தனியாக வந்த பிறகு, அம்மாவும் நானும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் விசாவுக்குக் காத்திருந்தோம். அடுத்த மாதம் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னதால் என்னை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. அடுத்த மாதம் வர இரண்டு வருடம் எடுத்தது. சில்க்போர்க்கின் வகுப்புப் படங்களில் என் தோளுயரம் வராத பிள்ளைகளுக்கு நடுவில், ரீச்சருக்கு உதவிக்கு வந்தவள்போல நிற்கிறேன்.

நல்ல பள்ளிக்கூடம் ஒன்று கிடைத்தால் அந்த இரண்டு வருடத்தையும் திருப்பித் தருவார்கள் என்று அப்பா நம்பினார். அதனால், வேலைசெய்த தளபாடத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது, அவர் அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கோபனேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை இருக்கிறது என்று அழைத்தார். அப்பா ஒரு கிழமை மாமா வீட்டில் தங்கி, தினமும் காலையில் ரயிலேறி ஒவ்வொரு ஊராகப் போனார். இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். இரண்டு இடத்தில் அவரிடம் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்களாம்.

“அத்தான், எங்களுக்குப் பக்கத்தில எடுங்கோவன். எங்கட சனம் இருக்கு, கடை இருக்கு” என்றார் மாமா.

அப்பா கேட்கவில்லை. ஐந்து ஸ்டேஷன் தள்ளி ஓர் ஊரைத் தெரிவுசெய்தார். அங்கே ஒரு ரீச்சர் மழைக்குள் குந்தியிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்து லேஸைக் கட்டிவிட்டதைக் கண்டாராம்.

“லேஸ் கட்டினதைப் பாத்தோ வீடெடுத்தனீங்கள்?” என்று அம்மா கேட்டா.

“வேற எதைப் பாக்கிறது? உள்ளுக்கு விடமாட்டினமே” என்றார் அப்பா.

ஓகஸ்டில், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல்நாள், அப்பாவும் நானும் அதிபரைச் சந்திக்கப் போனோம். அப்பாவுக்கு டேனிஷ் ஓரளவுதான் விளங்கும். ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதிபர் அன்பானவர். அப்பாவுக்குக் கோப்பியும் எனக்குப் பழச்சாறும் தந்தார். என் டேனிஷில் சில்க்போர்க் பக்கத்து யூலண்ட் வாடை அடிக்கிறதென்று சிரித்தார். பிறகு கடுதாசிகளைப் புரட்டிவிட்டு, எனக்கு டேனிஷ் போதாது என்றார். இந்தக் கொமூனின், அதாவது நகரசபையின், விதிப்படி என்னைப்போன்ற பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் தனி வகுப்பு இருக்கிறதாம். காலையில் சின்ன பஸ் ஒன்று வந்து ஏற்றிப்போகுமாம். எந்த வகுப்பில் இருத்துவது என்பதை ஓரிரு வருடம் கழித்துப் பார்க்கலாமாம்.

எனக்கு டேனிஷ் தெரியாது என்று அவர் டேனிஷில் சொன்னதை, ஒரு சொல் விடாமல், நான் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். இதை எழுதும்போதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அன்று அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஒழுங்காக மொழிபெயர்க்கிறேன் என்ற பெருமைதான் இருந்தது.

“நீ கதைக்கிறது அவரின்ர காதில விழேல்லையோ? கேள்” என்றார் அப்பா.

கேட்டேன். கதைப்பது வேறு, படிப்பது வேறு என்றார் அதிபர். பிறகு, அதே சிரிப்போடு, இரண்டு வருடம் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது இங்கே வழக்கமில்லை, பெற்றோர் அதைக் கவனித்திருக்கவேண்டும் என்றார். அதையும் சொன்னேன்.

அப்பா கோப்பையை மேசையில் வைத்தார். “சொல்லு பிள்ளை. நாங்கள் விட்ட பிழையில்லை. எங்கட விசா விண்ணப்பங்களை அவையள்தான் எடுத்துப் பாக்காமல் வேணுமெண்டு வைச்சிருந்தவை. இப்ப அதைப்பற்றி விசாரணையே நடக்குது. பேப்பர் பாக்கிறேல்லையோ எண்டு கேள்.”

நான் அதிபரைப் பார்த்தேன். சாறு தந்த மனிதர். அவரிடம் போய் அப்பா சண்டை பிடிக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. “யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார் அப்பா” என்று டேனிஷில் சொன்னேன்.

நான் சொன்னது அப்பாவுக்கு விளங்கிவிட்டது. என்னை ஒருதரம் பார்த்தார். ஏசவில்லை. எழும்பி நின்று அதிபரிடம் தானே சொன்னார், “நை.” இல்லை என்பதற்கு டேனிஷில் அந்த ஒரு சொல்தான்.

அடுத்த நாள் காலை சின்ன பஸ் வந்தது. உள்ளே இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் யன்னலால் கைகாட்டினார்கள். அப்பா சாரதியிடம் போய் வேண்டாமென்று தலையாட்டி அனுப்பிவிட்டார். நான் அழுதேன். அந்த பஸ்ஸில் போக எனக்கு விருப்பமாக இருந்தது. என்னை வைத்துக்கொண்டு யாரோ ஒருவரோடு வீம்பு பிடிக்கிறார் என்று அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதியோர் இல்லத்தில் பின்னேர வேலையைக் கேட்டு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் காலையில் என்னைக் கூட்டிப்போய் அதிபரின் அறைக்கு வெளியே இருந்த வாங்கில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தார். போகிற வருகிற பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். செயலாளர் இரண்டுமுறை வந்து, அதிபருக்கு இன்று நேரமில்லை என்றார். “காத்திருக்கிறம் எண்டு சொல்லு” என்றார் அப்பா. அதை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன்.

ஐந்தாம் நாள், அந்த வழியாகப் போய்வந்த ஒரு ரீச்சர் எனக்குப் பொழுதுபோக ஒரு புத்தகம் தந்தா. மத்தியானம் திரும்பி வந்தபோது நான் முடித்திருந்தேன். கதையைச் சொல்லச் சொன்னா. சொன்னேன். முடிவு பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். அவ புத்தகத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே அதிபரின் அறைக்குள் போனா. உள்ளே கொஞ்சம் சத்தமாகத்தான் கதைத்தா. வெளியே வந்தபோது நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நாலாம் வகுப்பு.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா சொன்னார்: “ஒரு வருசத்தை எடுத்தாச்சு. மற்றது அவையளிட்டத்தான் கிடக்கு.”

‘அவையள்’ என்றால் அதிபரும் செயலாளரும் என்று நினைத்தேன். அறைக்குள் இருந்த சாம்பல்நிற இரும்பு அலுமாரியில்தான் என் வருடம் இருக்கவேண்டும் என்றுகூட எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது.

அந்த மாரியில் ஒரு பின்னேரம் மாமா போனெடுத்து, “அத்தான், ரீவியைப் போடுங்கோ” என்றார். போட்டோம். தமிழரின் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது பற்றிய விசாரணையின் அறிக்கை வந்துவிட்டது, பிரதமர் பதவி விலகுகிறார் என்றார்கள். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றா. அப்பா கடைசிவரை பார்த்தார். பிறகு வேலைக்குப் போக உடுப்பு மாற்றினார்.

அவர் ஏன் சந்தோசப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கோ கணக்கு நேராக இருந்தது. பிழை யாருடையது என்று பிரதமரே ஒத்துக்கொண்டுவிட்டார். இனி என் வருடத்தைத் தந்துதானே ஆகவேண்டும்?

மறுநாள் காலை தலையை இரட்டைப்பின்னலாக இழுத்துப் பின்னிக்கொண்டு, மணியடிக்க முன்னமே போய் ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்றேன். பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியாக வந்த ஆசிரியர், யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். உள்ளே வா என்று அவராகவே சொல்லுவார் என்று நானும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.