சொல்லக்கூடாத முடிவு

தொண்ணூறுகளில், காசநோய்க் கிருமியை அதன் மரபணுவை வைத்தே கண்டறியும் புதிய சோதனையை உருவாக்கிய குழுவில் இருந்தேன். ஏற்காடு எஸ்டேட்டுகளில் சளி மாதிரி சேகரிப்பது என் வேலை. கிளியூரில் காப்பி பறிக்கும் ராசம்மா, "முடிவை எனக்குச் சொல்லுவீங்களாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சளி கொடுத்தார். தலையாட்டினேன்.

மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியவில்லை. எங்கள் சோதனையில் தெரிந்தது. "ஆராய்ச்சி முடிவை நோயாளியிடம் சொல்லக்கூடாது" என்றார் மேலதிகாரி. மூன்று வாரம் வாய்மூடி இருந்தேன்.

பொறுக்காமல் பஸ் ஏறிப் போய்ச் சொன்னபோது, ராசம்மா பாதியாக இளைத்திருந்தார்.

"ஏனுங்க, என் சளி வேணும், நான் வேண்டாமுங்களா?"

தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து மாத்திரை எழுதும்வரை இருவரும் அங்கிருந்து நகரவில்லை. ராசம்மா பிழைத்துக்கொண்டார்.

விதியை மீறியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார் மேலதிகாரி. எழுத மறுத்துவிட்டேன். கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று.