ஒரு சட்டை நீளத்துப் பாட்டு

சட்டைத் தொழிற்சாலையில் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் மேசைக்கு உயர்ந்தவள். எதையும் லேசில் நம்ப மாட்டாள். தக்காளியை நாலு பக்கமும் உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். கணவர் சீக்கிரம் வீடு திரும்பினால், வந்த மனுஷனை விட்டுவிட்டு வந்த காரணத்தைத் தேடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தூக்கம் போயிற்று. தலையணையில் தலை வைத்ததும் ஒரு பாட்டு கிளம்பும். அதிலும் முதல் இரண்டு வரி மட்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. புரண்டு படுத்தால் பாட்டும் கூடவே புரண்டு படுக்கும். வேறு பாட்டை மனதுக்குள் பாடிப் பார்த்தாள். அதுவும் கடைசியில் இந்த மெட்டிலேயே வந்து விழுந்தது.

தூக்கம் கெட்ட கண்ணுக்குப் பிரிந்த தையல் தெரியவில்லை. ஒரு கட்டுச் சட்டை திரும்பி வந்தது. "இன்னொரு தடவை இப்படி வந்தா, மறுபடி பிசிறு வெட்டத்தான் போகணும்மா" என்றார் சூப்பர்வைசர்.

பக்கத்து மெஷினில் காலர் தைப்பவளுக்கு இந்த மேசைமேல் ஒரு கண். ஒருநாள் அவள் அதே இரண்டு வரியை முணுமுணுத்தது கண்ணாடியக்காவின் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

"வேணும்னே பாடுறா. நான் தூங்கக் கூடாதுன்னு" என்றாள் கணவரிடம்.

"பாட்டுப் பாடியா வேலையப் பிடுங்குவாங்க? முழுப் பாட்டையும் ஒருதரம் கேட்டுட்டுப் படு. போயிடும்."

"எந்தப் பாட்டுன்னே தெரியல, எங்க போய்க் கேக்குறது? ஆமா, நீங்க ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசுறீங்க?"

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். இரவு பாட்டு தவறாமல் வந்தது. பஞ்சையும் தாண்டிவிட்டாளே என்று சந்தேகம் இன்னும் முற்றியது. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் நேரே போய் நின்றாள்.

"எதுக்குடி என் காதுபட அதையே பாடுற?"

காலர்க்காரி டப்பாவை மூடினாள். "நானா? நீங்க பாடிப் பாடித்தான் எனக்கு ஒட்டிக்கிச்சு! எனக்கும் தூக்கமில்ல. என்னை வேலைய விட்டுத் துரத்தப் பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

"நான் வாயே திறக்கலையே!"

"வாங்க, நாலு சட்டை பாருங்க. தெரியும்."

காலர், தோள், கை, பட்டன் பட்டி, கீழ் மடிப்பு. முதல் சட்டைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கை பழைய வேகத்துக்கு வந்ததும் மெல்லிய குரல் ஒன்று கேட்டது. சுற்றிலும் பார்த்தாள். அவளுடைய குரல்தான். காலரில் ஆரம்பித்த பாட்டு கீழ் மடிப்போடு நின்றது. அடுத்த சட்டையை எடுத்ததும் மறுபடி காலரிலிருந்து. சட்டைக்கு இரண்டு வரி. மூன்றாவது வரிக்குத் துணியே இல்லை.

"மிச்சம் உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன? என் தலையில ஓடுறது உங்க குரல். அது ரெண்டு வரியில நின்னுடுது."

"சொல்லித் தொலை. ரெண்டு பேரும் தூங்கலாம்."

காலர்க்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கடைசி வரை பாடினாள்.

அன்றிரவு பாட்டு மூன்றாவது வரிக்குப் போனது, முடிவுக்கும் போனது, நின்றது. இவ்வளவு சுலபமாக ஏன் சொல்லிக்கொடுத்தாள்? யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

காலையில் கையில் எடுத்த முதல் சட்டையிலேயே ஒரு காலர் முனை மற்றதைவிட நீண்டிருப்பது பளிச்சென்று தெரிந்தது. கொண்டுபோய் நீட்டினாள்.

"பாட்டு சொல்லிக் கொடுத்ததுக்கு இதான் நன்றியாக்கா?"

"பாட்டு வேற, காலர் வேற. பிரிச்சுத் தை."