முப்பத்தாறு வோல்ட்

வண்டியின் இருக்கைக்கு அடியில் ஆறு பேட்டரிகள் இருந்தன. நான்குதான் வேலை செய்தன. மற்ற இரண்டையும் ஒயர் மாட்டாமல் சும்மா உட்காரவைத்தவன் நான். அவற்றை மூட ஒரு பலகை அறுத்து, வார்னிஷ் அடித்து, நான்கு மூலையிலும் போல்ட் போட்டு முடுக்கியவனும் நான்தான். பலகை எதற்கு என்று கேட்டவரிடம், சேலையில் ஆசிட் படாமல் இருக்க என்று கூசாமல் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். கேட்டவர் மயிலாப்பூர் லெக்சரர் அம்மா. அடையாற்றில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் நடத்தினார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். காலில் இரும்புப் பட்டை கட்டி, கைத்தடி ஊன்றி நடப்பார். கல்லூரிக்கு அண்ணன் காரில் கொண்டுபோய் விடவேண்டும், அவரே வந்து கூட்டிப்போக வேண்டும். அண்ணனுக்குச் சாயங்காலம் சபாவில் கச்சேரி என்றால் தங்கைக்கு அன்றைக்கு லேப் கிடையாது, அவ்வளவுதான். பதினோரு வருஷம் இப்படி ஓடியிருக்கிறது. ஒரு கிளப்பில் கோல்ஃப் ஆடுகிறவர்களை ஏற்றிப்போகும், பேட்டரியில் ஓடுகிற சீமை வண்டி ஒன்று பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மா அதை விலைக்கு வாங்கி எங்கள் பட்டறையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். இதற்கு லைசென்ஸ் உண்டா என்று போலீஸ்காரருக்கே தெரியாத காலம்.

எத்தனை வோல்ட் போடுவது என்பதில்தான் வம்பு ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் ஆறு வோல்ட் பேட்டரி. நான்கு போட்டால் இருபத்துநாலு. ஆறு போட்டால் முப்பத்தாறு. எங்கள் முதலாளி நான்கே போதும் என்றார். வண்டி பாரம் குறையும், சார்ஜ் ஏற்றுவதும் சுலபம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சமதரைக்கு இருபத்துநாலு போறும். நான் அடையாறு பாலம் ஏறணும்" என்றார். ஆறு பேட்டரி வந்து இறங்கியது.

மறுநாள் அண்ணன் தனியாக வந்தார். நல்ல மனுஷர். அதைச் சொல்லும்போதே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் நான் அப்போதே உஷாராகியிருப்பேன். தங்கை வேகமாகப் போய் எங்கேயாவது மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று கண் கலங்கினார். ஆறும் உள்ளே இருக்கட்டும், அவள் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் நாலுக்கு மட்டும் கனெக்‌ஷன் கொடுங்கள் என்றார். முதலாளி தலையாட்டினார். நான் ஸ்பேனரை எடுத்தேன். முதலாளி சொன்னார், செய்தேன் என்று பிற்பாடு பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். கால் சரியில்லாத பெண்பிள்ளைக்கு எதற்கு அத்தனை வேகம் என்று எனக்கும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அம்மா ஓட்ட, நான் பக்கத்தில். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி வரைக்கும் வண்டி சமர்த்தாகப் போயிற்று. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், அவர் யாரையும் பார்க்கவில்லை. பாலத்தின் ஏற்றம் வந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாதி ஏற்றத்தில் நின்றேவிட்டது. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் பஸ். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா நைனா, பாலத்து மேல குடித்தனம் பண்ணிக்கினு கீறீங்களா?" என்றார்.

அம்மா பிரேக்கை அழுத்தி மாட்டினார். கைப்பையைத் திறந்து ஒரு வோல்ட்மீட்டரை எடுத்தார். கல்லூரி லேபில் இருப்பது போன்ற மரப்பெட்டி மீட்டர். ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது, இவர் நிதானமாக இரண்டு முனையையும் பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் வைத்து, முள் நிற்கும்வரை பார்த்தார்.

"இருபத்துநாலுதான் காட்டறது. மிச்ச ரெண்டு?"

பலகையின் போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒயர் இல்லாத இரண்டு பேட்டரியையும் பார்த்துவிட்டு, யார் செய்யச் சொன்னது என்று கேட்டார். அண்ணன் என்றேன்.

"உனக்கு என்ன தோணித்து?"

"எனக்கும் அதான் சரின்னு தோணிச்சும்மா."

அவர் கையை நீட்டினார். ஸ்பேனரைக் கொடுத்தேன். பட்டை கட்டிய காலை நீட்டி வண்டிப் படியில் உட்கார்ந்து, நான் எடுத்துக்கொடுத்த துண்டு ஒயரை வைத்து, ஆறையும் வரிசையாகக் கோத்து முடுக்கினார். புடவைத் தலைப்பில் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்தது. லாரிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த பஸ்ஸைப் பார்த்துச் சத்தம் போடாதே என்று கை காட்டினார். வேலை முடிந்ததும் அம்மா ஸ்பேனரைத் துடைத்து என்னிடம் தந்து, "நீ நடந்து வா" என்றார். வண்டி ஏறிப் போயிற்று. வெயிலில் அக்கரை போய்ச் சேர்ந்தேன், வண்டியைக் காணோம். எனக்காக ஏன் நிற்கவேண்டும்?

இப்போது அந்தப் பாலத்தில் பேட்டரி ஸ்கூட்டரில் பெண்கள் என்னை முந்திக்கொண்டு பறக்கிறார்கள். எத்தனை வோல்ட் என்று அவர்களை நிறுத்திக் கேட்க ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. நன்றாக இருக்கட்டும்.

அந்த வெள்ளோட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை பத்து மணிக்கு அண்ணன் பட்டறைக்கு வந்துவிட்டார். இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த இரண்டு பேட்டரியையும் பழையபடி கழற்றிவிடச் சொன்னார். ராத்திரி அவள் தூங்கினபிறகு வீட்டுக்கே வந்து செய்துவிட்டுப் போகலாம், கார் அனுப்புகிறேன் என்றார். முதலாளி என்னைப் பார்த்து, போ என்று கண் காட்டினார்.

"நான் கழட்ட மாட்டேன் சார்" என்றேன். "அவங்களை இட்டுக்கினு வாங்க. அவங்க வாயால சொல்லட்டும், கழட்டறேன்."

முதலாளி, இன்றோடு உனக்கு வேலை இல்லை என்றார். சரி என்றேன். அண்ணன் கார் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"அவளை எங்கேயிருந்து அழைச்சுண்டு வர்றது?" என்றார். "அவ காலம்பற எட்டு மணிக்கே தானே வண்டியை ஓட்டிண்டு காலேஜுக்குப் போயிட்டா."